வாஸ்கோடகாமா வேடம் யாருக்கு? ஐரோப்பியர் வருகைப் பாடமும் வகுப்பறை நடிப்பும்

கேள்வி, ஜூன் 8

எட்டாம் வகுப்பில் ஐரோப்பியர் வருகைப் பாடத்தைத் தொடங்கப் போகிறேன். ஆண்டுகளையும் பெயர்களையும் உருப்போட வைப்பதைவிட, 1498இல் கோழிக்கோட்டில் நடந்த சந்திப்பை மாணவர்களே நடித்துப் பார்த்தால் பாடம் மனத்தில் நிற்கும் என்று நினைக்கிறேன். ஒருவன் வாஸ்கோடகாமா, ஒருவன் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி, மற்றவர்கள் வணிகர்களும் மாலுமிகளும். செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லவும்.

பதில், ஜூன் 8, இரவு

மூன்று முறை செய்திருக்கிறேன். முதல் முறை நீங்கள் எழுதியிருப்பதைப் போலவேதான் வேடங்களைப் பிரித்துக் கொடுத்தேன். காமாவாக வந்த பையன் முகமெல்லாம் பவுடரை அப்பிக்கொண்டு, அட்டையில் வெட்டிய வாளுக்கு வெள்ளித்தாள் ஒட்டிக்கொண்டு வந்தான். சாமூதிரியாக வந்தவன் தன் அம்மாவின் பட்டுப்புடவையைத் தோளில் போட்டிருந்தான். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் காமா வாளை உருவினான். உடனே சாமூதிரி ஓரடி முன்னால் வந்து, மீசை இல்லாத இடத்தில் மீசையை முறுக்கி, வரி கேட்கும் வெள்ளைக்காரனைப் பார்த்துக் கட்டபொம்மன் முழங்கும் திரைப்பட வசனத்தை முதலிலிருந்து கடைசி வரை பிசகாமல் ஒப்பித்தான். வகுப்பு அதிர்ந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆண்டு விழாவில் போடலாம் என்றார்.

கைத்தட்டல் அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. 1498இல் வரி கேட்டவர்கள் சாமூதிரியின் அதிகாரிகள். துறைமுகத்தில் சரக்கு இறக்கிய எல்லாரையும் போல நீயும் தீர்வை கட்டிவிட்டுப் போ என்று காமாவிடம் 600 செராபின் நாணயம் கேட்டார்கள்; கட்ட மனமில்லாமல் முரண்டு பிடித்தவர் காமா. என் வகுப்பில் நடந்தது அந்தச் சந்திப்பைத் தலைகீழாகக் கவிழ்த்த ஒன்று. அதை நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன்.

ஜூன் 9

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அந்தப் பையன்மேல் என்ன குற்றம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குற்றம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் ஐரோப்பியரைச் சந்திக்கும் நாடகம் ஒன்று முன்பே தயாராக இருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மழலையர் வகுப்பு மாறுவேடப் போட்டியிலிருந்தே அவர்கள் அதை நடித்துப் பழகியவர்கள். அதில் வெள்ளைக்காரன் எப்போதும் ஆளவந்தவன், நம்மவர் எப்போதும் மீசையை முறுக்குபவர், முடிவு எப்போதும் முழக்கம். 1498ஐயும் கட்டபொம்மன் காலத்து 1798ஐயும் பிரிக்கும் 300 ஆண்டுகள் அந்த நாடகத்தில் காணாமல் போய்விடுகின்றன.

அந்த 300 ஆண்டுகள்தான் பாடம். கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியவர் யாரையும் ஆள வந்தவர் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்க நியாயமில்லை. செங்கடலிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஆண்டுதோறும் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகம் அது. அங்கே மேலும் சில கப்பல்காரர்கள், அதுவும் கெட்ட பருவத்தில், கையில் உருப்படியான சரக்கு இல்லாமல் வந்து நின்றார்கள். அவ்வளவுதான் கரையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாததை நம் பிள்ளைகளுக்குத் தெரியாதது போல நடிக்க வைப்பதில்தான் முழுச் சிரமமும் இருக்கிறது.

இதைவிட மோசமான அனுபவமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், மூத்த ஆசிரியர் ஒருவர் பாஞ்சாலங்குறிச்சி நாடகம் போட்டார். கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்த எட்டப்பன் வேடம் ஒரு பையனுக்கு வாய்த்தது. அமைதியான, நன்றாகப் படிக்கிற பையன். நாடகம் அரைமணி நேரம் நடந்தது. பெயர் மட்டும் அவன் பத்தாம் வகுப்பு முடித்துப் போகும் வரை நின்றது. வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் பட்டியலை வகுப்புத் தலைவன் என்ற முறையில் அவன் கொடுத்த நாளில் அந்தப் பெயரைப் பலகையிலேயே எழுதினார்கள். அந்த வேடத்தை அவனுக்குக் கொடுக்கச் சொன்னவன் நான். சத்தம் போடமாட்டான் என்பதுதான் நான் சொன்ன காரணம்.

ஜூன் 9, பிற்பகல்

திருத்தம். காட்டிக்கொடுத்த எட்டப்பன் என்று மேலே எழுதிவிட்டேன். கை தானாகவே எழுதியிருக்கிறது. எட்டயபுரத்துப் பாளையக்காரர் கும்பெனியின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின், பக்கம் நின்றவர் என்பது உண்மை. தப்பிச் சென்ற கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கு நடந்தது. 30 ஆண்டுகள் வரலாறு நடத்தியவனுக்கே நாடகத்தில் கேட்டதுதான் முதலில் நாவில் வருகிறது என்றால் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 11

இரண்டாம் முறை எப்படிச் செய்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். வேடம், உடை, பவுடர், வாள் எதுவும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. அதில் மூன்று செய்திகள் மட்டும்: நீ யார், இன்று வரை உனக்கு என்ன தெரியும், இன்று மாலைக்குள் உனக்கு என்ன வேண்டும். நாளை என்ன நடக்கும் என்பது எந்தச் சீட்டிலும் இருக்காது.

எடுத்துக்காட்டாக, முதலில் கரையேறியவன் சீட்டு. அவன் ஒரு தண்டனைக் கைதி. ஆபத்தான இடங்களில் முதலில் இறக்கிவிடுவதற்கென்றே போர்ச்சுக்கீசியர் அப்படிப்பட்டவர்களைக் கப்பலில் கூட்டிவருவார்கள். உயிர் போனால் கைதியின் உயிர்தானே என்பது கணக்கு. இதைப் படித்ததும் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த வேடம்தான் வேண்டியிருந்தது. காமாவைச் சீந்துவார் இல்லை. அந்தக் கைதியைக் கரையிலிருந்தவர்கள் யாரிடம் அழைத்துப் போனார்கள் என்பது அடுத்த வியப்பு: வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரத்து முஸ்லிம் வணிகர்கள் இருவரிடம். அவர்களுக்கு ஸ்பெயின் மொழியும் ஜெனோவா மொழியும் தெரியும். பாதி உலகத்தைச் சுற்றி வந்து இறங்கியவனை அவன் பக்கத்து வீட்டு மொழியிலேயே, எந்தச் சனியன் பிடித்து இங்கே வந்தாய் என்ற பொருள்படத் திட்டித்தான் வரவேற்றார்கள். இந்தியாவைக் காமா கண்டுபிடித்தார் என்ற பாடவரியை இதற்கு மேல் நான் எதுவும் சொல்லித் திருத்த வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது மொழிபெயர்ப்பு வரிசை. இதைத்தான் கட்டாயம் செய்யச் சொல்வேன். காமாவுக்குத் தெரிந்தது போர்ச்சுக்கீசியம். அவருடன் வந்த பெர்னான் மார்ட்டின்ஸ் என்பவருக்கு அரபு தெரியும். அரபு அறிந்த உள்ளூர் வணிகர் அதை மலையாளத்தில் சாமூதிரிக்குச் சொல்ல வேண்டும். நான்கு மாணவர்களை வரிசையாக நிறுத்தினேன். ஒருவர் மற்றவர் காதில் மட்டும் சொல்லலாம்; இடையில் நிற்கும் இருவரும் ஒரு முறைதான் கேட்கலாம், கேட்டதில் பாதி நீளத்துக்கு மேல் சொல்லக் கூடாது. காமாவாக நின்ற பெண், எங்கள் அரசர் பெரும் செல்வந்தர், 60 ஆண்டுகளாக எங்கள் அரசர்கள் உங்கள் நாட்டைத் தேடிக் கப்பல் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், நட்பு ஒன்றைத்தான் விரும்புகிறோம் என்றாள். முதல் ஆள், பணக்கார ராஜா, 60 வருடமாக உங்கள் நாட்டைத் தேடுகிறார் என்று சுருக்கினான். இரண்டாம் ஆள் சாமூதிரியின் காதில் சொன்னதை நான் உரக்கச் சொல்லச் சொன்னேன்: ஒரு ராஜாவுக்கு உங்கள் நாடு வேண்டுமாம்.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவன், சார், அவன் தப்பாகச் சொன்னானா, சரியாகச் சொன்னானா என்று கேட்டான். பாடவேளை முடிந்து மணி அடித்தது. அந்த மணிக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஜூன் 12

எந்த ஆதாரத்தை வைத்துச் சீட்டு எழுதினேன் என்று ஒருவர் கேட்கிறார். அந்தப் பயணத்தில் வந்த ஒருவரின் நாட்குறிப்புதான் பெரும்பாலும். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சாமூதிரி பச்சை வெல்வெட் விரித்த மஞ்சத்தில் சாய்ந்திருந்தார், பக்கத்தில் பொன் படிக்கம் இருந்தது, வெற்றிலை போட்டுக்கொண்டே பேசினார் என்பதெல்லாம் வந்தவனின் கண்ணுக்குப் பட்டவை. சாமூதிரியின் மனத்தில் ஓடியதை எழுதிவைத்த ஓலை எதுவும் அந்த நாளிலிருந்து நம் கைக்கு வரவில்லை. இந்தப் பக்கத்துக் குரல் என்றால், பொன்னானியின் ஷேக் சைனுத்தீன் மக்தூம் போர்ச்சுக்கீசியரின் அட்டூழியங்களைப் பற்றி அரபியில் எழுதியதைச் சொல்லலாம். ஆனால் அதை எழுதும்போது காமா வந்து 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆகவே காமாவின் சீட்டைக் கறுப்பு மையிலும் சாமூதிரியின் சீட்டைப் பென்சிலிலும் எழுதினேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன்.

ஜூன் 12, இரவு

கோயில் காட்சியைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு: கோழிக்கோட்டுக்குப் போகும் வழியில் காமாவின் ஆட்கள் ஒரு கோயிலைத் தேவாலயம் என்று நினைத்து உள்ளே போய் வணங்கினார்கள், சுவரில் கோரைப்பல்லும் நான்கைந்து கைகளுமாக இருந்த உருவங்களைப் புனிதர்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குப் பெரும் குதூகலம் தரும் காட்சி. நான் அதை நடிக்க விடவில்லை. படித்து மட்டும் காட்டினேன். சாமி கும்பிடுவதை நடிப்பது வகுப்பறையில் எந்தத் திசையில் திரும்பும் என்று சொல்ல முடியாது.

ஜூன் 15

பரிசுப் பட்டியல் பற்றி இருவர் எழுதியிருக்கிறார்கள். அது எல்லாருக்கும் பிடித்த காட்சி, எனக்கும் பிடித்திருந்தது. சாமூதிரிக்குக் கொடுக்கக் காமா எடுத்துவைத்தவை: கோடு போட்ட துணி 12, சிவப்புத் தலைமூடி 4, தொப்பி 6, பவளச்சரம் 4, கைகழுவும் கிண்ணம் 6 அடங்கிய பெட்டி ஒன்று, சர்க்கரைப் பெட்டி ஒன்று, எண்ணெய்ப் பீப்பாய் 2, தேன் பீப்பாய் 2. பார்க்க வந்த அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் ஏழை வணிகன்கூட இதைவிட அதிகம் கொடுப்பான், அரசருக்குக் கொடுப்பதானால் பொன் கொடு என்றார்கள். மறுநாள் அரண்மனையில் காமாவை நான்கு மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள். பணக்கார நாட்டிலிருந்து வந்ததாகச் சொன்னாயே, ஒன்றும் கொண்டுவரவில்லையே என்று சாமூதிரி கேட்டார். கப்பலில் பொன்னாலான மேரி மாதா சிலை இருக்கிறதாமே, அதையாவது கொடு என்றார். அது பொன் இல்லை, மரத்தில் முலாம் பூசியது, பொன்னாகவே இருந்தாலும் கடலில் எங்களைக் காத்த சிலையைத் தரமாட்டேன் என்பது காமாவின் பதில்.

மாணவர்கள் இதை எவ்வளவு ரசித்து நடித்தார்கள் என்று எழுதி முடியாது. ஒருத்தி சத்துணவுத் தட்டுகள் ஆறைக் கொண்டுவந்து கிண்ணம் என்று வரிசையாக வைத்தாள். சுங்க அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, ஈயம் என்றான்.

இரண்டாம் முறை நான் அந்த இடத்திலேயே பாடத்தை நிறுத்திவிட்டேன். வந்தவன் பிச்சைக்காரன், நம் ஊர் பணக்கார ஊர் என்ற பெருமிதத்தோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு எனக்கும் நிறைவாகத்தான் இருந்தது. கட்டபொம்மன் வசனத்தை விரட்டிவிட்டு அதே இடத்தில் வேறொரு கைத்தட்டலை உட்கார வைத்திருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. ஏழைப் பரிசைக் கொண்டுவந்தவர் ஆகஸ்ட் 29இல் கிளம்பும்போது கரைக்காரர்கள் சிலரைப் பிடித்துக்கொண்டே போனார். 1500இல் வந்த போர்ச்சுக்கீசியத் தளபதி கப்ரால் கோழிக்கோட்டைப் பீரங்கியால் சுட்டார். 1502இல் காமா மறுபடி வந்தார். அப்போது மெக்காவிலிருந்து யாத்திரை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கப்பலொன்றை மடக்கி, பொருளையெல்லாம் எடுத்துக்கொண்டு, பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்க எரித்தார். கிண்ணத்தைச் சுண்டிப் பார்த்துச் சிரித்த வகுப்பு இதைக் கேள்விப்படாமலே அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது.

ஜூன் 16

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். கப்பல் எரிப்பையும் நடிக்க வையுங்கள், இல்லாவிட்டால் அது வெறும் விளையாட்டு, வன்முறையை மறைத்துச் சொல்லும் வரலாறு பொய் என்பது சுருக்கம். அவர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறைக்கக் கூடாது. ஆனால் அதை நடிக்க வைக்க முடியாது. எரிகிற கப்பலில் இருக்கும் தாயாக ஒரு மாணவியை நிற்க வைத்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: அவள் வெட்கத்தில் சிரிப்பாள், வகுப்பும் சிரிக்கும், அல்லது அவள் உண்மையிலேயே உள்வாங்கிக்கொள்வாள், அவளை அந்த நிலையில் கணிதப் பாடவேளைக்கு நான் அனுப்ப வேண்டியிருக்கும். எரிப்பவனாக நிற்கும் பையனைப் பற்றி எனக்கு இன்னும் அதிகப் பயம். எட்டப்பன் பட்டம் வாங்கியவனை நான் மறக்கவில்லை.

பேரம், காத்திருப்பு, மொழிபெயர்ப்பு, தீர்வைத் தகராறு, இவற்றை நடிக்கலாம். ஏனென்றால் அவற்றில் அந்தந்த ஆள் வேறு விதமாகவும் முடிவெடுத்திருக்க முடியும், பிள்ளையும் அப்படி எடுத்துப் பார்க்கலாம். கப்பலில் அடைபட்டவர்களுக்கு முடிவு எதுவும் கையில் இல்லை. மூன்றாம் முறை அந்தப் பகுதியை நானே நின்று, குரலை ஏற்றாமல், ஒரு பக்க அளவில் படித்தேன். எல்லாரும் தங்கள் சீட்டுகளை மேசையில் கவிழ்த்து வைத்த பிறகுதான் படித்தேன்.

ஜூன் 20

வேடம் பிரிப்பது பற்றி. குலுக்கல்தான். ஆசிரியர் கை அதில் படவே கூடாது. அரபு வணிகர் என்றதும் வகுப்பு முழுவதும் ஒரே மாணவனைத் திரும்பிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அவன் பெயர் அப்படி. சிவப்பாக இருப்பவனைக் காமா ஆக்குவதும், அடிமை அல்லது சுமைகூலி என்றால் கடைசி இருக்கைக்காரனைக் கைகாட்டுவதும் நாம் அறியாமலே நடக்கும். மாணவர்கள் இதையெல்லாம் உடனே கவனித்துவிடுவார்கள், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஒரே பாடவேளைக்குள் ஒரு முறையாவது சீட்டை மாற்றிக்கொள்ள வையுங்கள். தீர்வை கேட்டவன் பத்து நிமிடம் கழித்துத் தீர்வை கட்ட வேண்டியவனாக நிற்கட்டும்.

ஜூன் 23

அப்படியானால் கட்டபொம்மனை வகுப்பறைக்குள் விடவே கூடாதா என்று ராமநாதபுரத்து நண்பர் கோபமாகக் கேட்டிருக்கிறார். தாராளமாக விடலாம், வேறு வாசல் வழியாக. 1798இல் ஆட்சியர் ஜாக்சன் அவரை ஊர் ஊராக அலைக்கழித்து, கடைசியில் உங்கள் ஊர் ராமலிங்க விலாச அரண்மனையில் சந்தித்ததும், மணிக்கணக்கில் நிற்க வைத்து அவமதித்ததும், அங்கே கைகலப்பு நடந்ததும், அவருடைய தானாபதி, அதாவது அமைச்சர், சிவசுப்பிரமணியம் பிள்ளை பிடிபட்டதும் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் நடிப்பதில்லை. கட்டபொம்மன் சென்னை அரசுக்கு எழுதினார், கும்பெனி விசாரணைக் குழு அமைத்தது, குழு விசாரித்த பின் தானாபதி விடுவிக்கப்பட்டார், ஜாக்சன் பதவியிழந்தார். அந்தக் குழுவாக மூன்று பேரை உட்கார வையுங்கள். வரி நிலுவைக் கணக்கைக் கொடுங்கள்: 3310 பகோடா நாணயம் கேட்கப்பட்டது, அதில் பெரும்பகுதியைக் கட்டி 1080தான் பாக்கி என்று பாடநூல் சொல்கிறது. எவ்வளவு கட்டியிருக்கிறார் என்று பிள்ளைகளே கழித்துப் பார்க்கட்டும். மீசைக்கு அங்கே வேலையே இருக்காது. அந்தக் குழுவில் உள்ளூர்க்காரர் ஒருவரும் இல்லை என்பதைக் குழுவில் உட்கார்ந்தவர்களில் யாராவது ஒருவர் கவனிப்பார். கவனிக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

ஜூன் 23, சற்றுக் கழித்து

இதை நான் இன்னும் வகுப்பில் செய்து பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளவும். மேலே எழுதியதில் செய்து பார்த்தவன் தொனி வந்துவிட்டது.

ஜூன் 30

கேள்வி கேட்டவர் நேற்று நடத்திவிட்டதாக எழுதியிருக்கிறார். மொழிபெயர்ப்பு வரிசை நன்றாக வந்ததாம். காமா சீட்டு கிடைத்த பையன் மட்டும் வாள் இல்லாமல் எப்படி சார் என்று ஏமாந்து போனானாம். அவர் சொன்ன இன்னொரு நிகழ்ச்சிக்காகத்தான் இதை எழுதுகிறேன். சுங்க அதிகாரி சீட்டு ஒரு மாணவிக்குப் போயிருக்கிறது. சீட்டில், கப்பலில் உள்ள சரக்கு முழுவதையும் கணக்கெடு என்று இருந்ததால், அவள் நோட்டும் பேனாவுமாகப் போய்க் காமாவின் ஆட்களை வரிசையாகக் கேட்டிருக்கிறாள். துணி எவ்வளவு, தொப்பி எவ்வளவு, தேன் எவ்வளவு என்று எழுதிக்கொண்டே வந்தவள், கப்பலில் பீரங்கி எத்தனை என்று கேட்டிருக்கிறாள். அது சரக்கு இல்லை என்று மாலுமி சொல்லியிருக்கிறான். சரக்கு இல்லையென்றால் எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை அந்த வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறாளாம்.

மூன்று முறை சீட்டு எழுதியிருக்கிறேன். கிண்ணம் ஆறு என்று எழுதிய நான் பீரங்கியை ஒருமுறைகூட எந்தச் சீட்டிலும் எழுதவில்லை. மாலுமியின் சீட்டை மாற்றி எழுத வேண்டும்.